மிசோவில் ஊறவைத்துச் சுடும் மீன்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஜப்பானின் கியோட்டோ நகரத்து இனிப்பான வெள்ளை மிசோவில் (சோயாவை அரிசியோடும் உப்போடும் புளிக்கவைத்த விழுது) மீன் துண்டங்களை ஓரிரு நாள் ஊறவைத்துச் சுட்டெடுக்கும் சைக்கியோ யாக்கி, பார்வைக்கு மிக எளிய சமையல். பொருள்கள் நான்கைந்துதான், அரைப்பதும் தாளிப்பதும் இல்லை. அப்படியிருந்தும் வீட்டில் செய்பவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுவதற்குக் காரணம், பிழை கண்ணில் படுவது அடுப்பின்மேல் என்றாலும், அது நேர்ந்தது பெரும்பாலும் முந்தைய நாளில் என்பதே. மிசோவுக்குள் வைப்பதற்கு முன் மீனின் நீரை எவ்வளவு வெளியேற்றினோம், வெளியே எடுத்தபின் எவ்வளவு துடைத்தோம் என்ற இரண்டையும் திரும்பிப் பார்த்தால், தீயைக் கூட்டியும் குறைத்தும் தீராத பல குறைகள் தீர்ந்துவிடும்.

குறைகளை அளந்து பார்க்க ஓர் அடிப்படை முறை வேண்டும். 80 முதல் 100 கிராம் எடையுள்ள நான்கு துண்டங்களுக்கு, மீன் எடையில் 1 விழுக்காடு உப்பை (அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல்) இரு பக்கமும் தூவி 20 முதல் 30 நிமிடம் வைத்து, கசிந்த நீரைக் காகிதத் துண்டால் ஒற்றியெடுக்க வேண்டும். 200 கிராம் சைக்கியோ மிசோவுடன் (மேலே சொன்ன வெள்ளை மிசோ) 2 மேசைக்கரண்டி மிரினும் (இனிப்பான அரிசி மது) 1 மேசைக்கரண்டி சாக்கேயும் (அரிசி மது) கலந்து, அதில் பாதியைப் பாத்திரத்தில் பரப்பி, மெல்லிய சல்லாத் துணியில் சுற்றிய துண்டங்களை அடுக்கி, மீதியால் மூட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் ஒன்று முதல் இரண்டு நாள் ஊறினால் போதும். எடுத்துத் துடைத்து, குறைந்த தீயில் சுட வேண்டும். இனி வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் இந்த முறையிலிருந்து எங்கே விலகினோம் என்று தேடுவதே வழி.

வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

மிகுதியாகக் கேட்கப்படும் குறை இதுதான். சைக்கியோ மிசோவில் சோயாவைவிட அரிசிக் கோஜியின் (பூஞ்சை வளர்த்த அரிசி) பங்கு மிக அதிகம். அரிசியின் மாவுச்சத்தைக் கோஜியின் நொதிகள் சர்க்கரையாக மாற்றியிருக்கும். மிரினும் தன் பங்குக்குச் சர்க்கரை சேர்க்கும். இந்தச் சர்க்கரையும், மீனிலும் மிசோவிலும் உள்ள அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்துதான் பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. அதே சேர்க்கை, சற்று மிஞ்சினால், துண்டத்தின் நடுப்பகுதி இன்னும் குளிர்ந்திருக்கும்போதே மேற்பரப்பைக் கரியாக்கிவிடும். உப்பு மட்டும் தடவிய மீனுக்குப் பழகிய கை, அதே தீயை இதற்கும் வைத்தால் தவறாமல் கருகும்.

முதலில் பார்க்க வேண்டியது துடைப்பு. சுவை போய்விடுமோ என்ற அச்சத்தில் மிசோவை மீன்மேல் அப்படியே விட்டுவிடுவது பலருடைய வழக்கம். ஒரு நாள் ஊறிய மீனுக்குள் சுவை ஏற்கெனவே இறங்கிவிட்டது. மேலே எஞ்சியிருக்கும் மிசோ கருகுவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. ரப்பர் கரண்டியால் வழித்து, காகிதத் துண்டால் ஒற்றி, தோலின் மடிப்பிலும் சதையின் பிளவிலும் ஒட்டியிருக்கும் துணுக்குகளையும் எடுத்துவிட வேண்டும். விடாப்பிடியாக ஒட்டியிருந்தால், சாக்கேயில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். குழாயின் கீழே பிடித்துக் கழுவுவோரும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் இரண்டு நாளாக வெளியேற்றிய நீரை ஒரே நொடியில் திரும்பக் கொடுத்ததாகிவிடும். சல்லாத் துணியில் சுற்றி ஊறவைத்தால் இந்தச் சிக்கலே எழாது. மிசோ துணியோடு போய்விடும், மீன் சுத்தமாக வெளியே வரும்.

அடுத்தது மீனின் குளிர்ச்சி. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தீயில் வைக்காமல், 15 நிமிடம் போல வெளியே வைத்துத் துடைத்த பிறகு சுட்டால் நடுப்பகுதி விரைவில் வேகும். கோடைக்காலத்தில் அதற்குமேல் வைக்க வேண்டாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த துண்டமாக இருந்தால், தோலில் ஆழமில்லாத இரண்டு கீறல்கள் போடுவது நல்லது.

மூன்றாவதுதான் தீ. ஜப்பானிய எரிவாயு அடுப்பின் நடுவில் இருக்கும் மீன் சுடும் அறையில் பெரும்பாலும் மேலிருந்து நேரடியாகச் சுவாலை இறங்கும். அறையை இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கிக்கொண்டு, பரிமாறும்போது மேலே தெரியப்போகும் பக்கத்தை முதலில் தீக்குக் காட்டி, குறைந்த தீயில் சுட வேண்டும். நிறம் ஏறத் தொடங்கியதும் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, உட்புறம் வேகும்வரை விட்டு, கடைசி ஒரு நிமிடம் தாளை எடுத்துவிட்டால் நிறமும் கிடைக்கும், வேக்காடும் கிடைக்கும். வால் பக்கத்து மெல்லிய நுனிக்கு மட்டும் தொடக்கத்திலேயே தாள் சுற்றலாம். ஓவன் வைத்திருப்பவர்கள் 200 பாகை செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குச் சரியாக இருக்கும். கருகும் அச்சம் உள்ளவர்களுக்கு ஓவனே பாதுகாப்பான பாதை.

வெந்ததா என்பதை நிறத்தைக் கொண்டு முடிவு செய்ய முடியாத சமையல் இது. ஊறியதாலேயே மீன் பழுப்பேறியிருக்கும். மூங்கில் குச்சியைத் தடித்த இடத்தில் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும். நடுவில் கண்ணாடித்தன்மை மறைந்து சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. உப்பும் மிசோவும் சோயா சாறும் அனிசாக்கிஸ் என்னும் புழுவைக் கொல்வதில்லை. உட்பகுதி 60 பாகையில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும், அல்லது மீனை முன்னதாகவே மைனஸ் 20 பாகையில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானிய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல். ஊறிய மீன் பாதி வெந்த மீன் ஆகாது.

விளிம்புகளில் ஆங்காங்கே மட்டும் கருமை படர்ந்திருந்தால் அது குறையே அல்ல. அந்தச் சிறு கசப்பு மிசோவின் இனிப்புக்குத் துணை.

நிறமே ஏறவில்லை, வெளிறிக் கிடக்கிறது

இது நீரின் வேலை. மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. தாண்டாமல் பொன்னிறம் வராது. துடைப்பு போதாமையும், வாணலியில் துண்டங்களை நெருக்கி வைப்பதும், மூடியைக் கடைசிவரை திறக்காமலிருப்பதும் காரணங்கள். மூடியைத் திறந்து நீராவியை வெளியேற்றி, இறுதியில் மிரினை மெல்லிய தூரிகையால் ஒருமுறை பூசி அரை நிமிடம் காட்டினால் மெருகு வரும்.

உப்பு கரிக்கிறது

ஏறக்குறைய எப்போதும் மிசோவின் வகைதான் குற்றவாளி. சைக்கியோ போன்ற இனிப்பு மிசோவில் உப்பு 5 முதல் 6 விழுக்காடு. நகானோ மாநிலத்துச் சின்ஷூ மிசோவிலும் பெரும்பாலான சிவப்பு மிசோக்களிலும் 12 முதல் 13 விழுக்காடு. அதாவது, கடையில் எளிதாகக் கிடைத்த மிசோவை எடுத்து, சைக்கியோவுக்குச் சொன்ன இரண்டு நாள் கணக்கைப் பின்பற்றினால், இரு மடங்கு உப்பில் மீனைப் போட்டு மறந்துவிட்டோம் என்று பொருள். வெளிர் நிறத்தைப் பார்த்து இனிப்பு மிசோ என்று முடிவு செய்யவும் கூடாது, சின்ஷூவும் வெளிர்தான். பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் உப்பளவைப் பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி.

சின்ஷூ மிசோதான் கைவசம் உள்ளது என்றால், அதையும் பயன்படுத்தலாம். 100 கிராமுக்கு 2 மேசைக்கரண்டி சர்க்கரையும் 3 மேசைக்கரண்டி மிரினும் சேர்த்து, முன் உப்பைப் பாதியாகக் குறைத்து, ஊறும் நேரத்தை ஆறு முதல் எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். சைக்கியோவின் மென்மணம் வராது; ஆனாலும் உண்ணத் தகுந்த, நல்ல மீனாக இருக்கும். ஐச்சி மாநிலத்து ஒக்கசாக்கியில் சோயாவை மட்டும் கொண்டு நெடுநாள் முதிரவைக்கும் ஹட்ச்சோ மிசோவை மட்டும் தனியாக இதற்குக் கொண்டுவர வேண்டாம். அரிசிக் கோஜி தரும் இனிப்பு அதில் இல்லை.

மிசோ சரியாக இருந்தும் உப்பு மிஞ்சினால், சாக்கேயின் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். சமையல் சாக்கே என்ற பெயரில் பேரங்காடிகளில் விற்கப்படுவதில் 2 முதல் 3 விழுக்காடு உப்பு சேர்த்திருப்பார்கள். குடிக்க முடியாததாக ஆக்கினால் அது மதுவரிக்குள் வராது என்பதே காரணம். உப்பில்லாத, குடிப்பதற்கான மலிவான சாக்கே இந்தச் சமையலுக்கு மேலானது. மிசோவுக்குப் பதில் சோயா சாறு, மிரின், சாக்கே மூன்றையும் சம அளவில் கலந்து யூசு என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் வட்டங்கள் இட்டு ஊறவைக்கும் யூஆன் யாக்கியில் உப்பு மிஞ்சுவதற்கும் இதே போன்ற ஒரு மயக்கம் உண்டு. நிறம் வெளிறிய சோயா சாறு உப்புக் குறைந்தது என்று எண்ணி அதை வாங்குகிறார்கள். உண்மையில் வெளிர் வகையில் உப்பு சுமார் 16 விழுக்காடு, கருமையான வழக்கமான வகையில் 14 முதல் 15 விழுக்காடு. யூஆன் கலவையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும்.

ஏற்கெனவே உப்பேறிய, இன்னும் சுடாத மீனை மீட்க, 1 லிட்டர் நீருக்கு 1 தேக்கரண்டி உப்பு கரைத்த மென்மையான உப்புநீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்துத் துடைக்கலாம். வெறும் நீரைவிட உப்புநீரில் மீனின் உப்பு சீராக வெளியேறும். உவர்ப்பும் சுவையும் ஒருசேரக் கழுவிப்போகாது. சுட்டபின் தெரியவந்தால் அதை அப்படியே பரிமாறாமல், உதிர்த்துச் சோற்றின்மேல் தூவி, சூடான பச்சைத் தேநீரை ஊற்றி ஒச்சாசுக்கேயாக உண்பது நல்ல வழி. உப்பு மிகுந்த மீனுக்கு அங்கே இடம் உண்டு.

சதை குழைந்து, எடுக்கும்போதே உடைகிறது

கோஜியில் புரதத்தைத் துண்டிக்கும் நொதிகள் இருக்கின்றன. ஊறிய மீன் மென்மையாவதும் சுவை செறிவதும் அவற்றால்தான்; அளவு மீறினால் சதையின் கட்டுக் குலைவதும் அவற்றால்தான். உப்பும் கோஜியும் மட்டும் கலந்த ஷியோ கோஜியில் இது இன்னும் வேகமாக நடக்கும். மீன் துண்டத்துக்கு அதில் சில மணி நேரமோ, மிஞ்சினால் ஓர் இரவோ போதும். மூன்று நாள் விட்டால் மேற்பரப்பு களிபோல ஆகிவிடும்.

மீனின் இனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த முறைக்குப் பேர்போன மீன்கள் கிண்டாரா, சவாரா, மனகட்சுவோ ஆகியவை. வட பசிபிக்கின் கிண்டாராவில் கொழுப்பு மிகுதி. அந்தக் கொழுப்பு நார்களுக்கிடையே நின்று, நீர் குறைந்தாலும் சதையை வறளவிடாது. சவாரா நம் வஞ்சிரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. மனகட்சுவோ வெள்ளை வாவலின் பேரினம். ஆகவே வஞ்சிரமும் வாவலும் இந்தச் சமையலில் கைவிடாது என்று துணிந்து சொல்லலாம். சவாராவின் சதை இயல்பிலேயே மென்மையானது, எளிதில் விரியும். முன் உப்பைத் தவிர்க்காமலும், சுடும்போது ஒருமுறைக்கு மேல் புரட்டாமலும் இருந்தால் அது கட்டுக்கோப்பாக வரும்.

உறைந்த மீனை வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ அவசரமாக இளக்கியிருந்தால், பனிப் படிகங்களால் கிழிந்த நார்களிலிருந்து நீர் பொங்கிக் கசியும். அந்த நீரோடு மிசோவுக்குள் போன மீன் ஊறுவதில்லை, நனைகிறது. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு இளகவிட்டு, அதன் பிறகு உப்பிட்டு நீரை எடுப்பதுதான் சரி. இன்னொரு காரணம் கவனத்துக்கு வருவதே இல்லை: மிக மெதுவாகச் சூடேற்றுவது. கோஜியின் நொதிகள் வெதுவெதுப்பில் சுறுசுறுப்படையும். சூடாகாத ஓவனில் மீனை வைத்து மெல்ல மெல்ல ஏற்றினால், அவற்றுக்கு வேலை செய்யக் கூடுதல் நேரம் கொடுத்ததாகும். தீ குறைவாக இருக்கலாம். அடுப்பு மட்டும் முன்பே சூடாகியிருக்க வேண்டும்.

சதை இறுகி வறண்டுவிட்டது

கொழுப்பில்லாத மீனை நெடுநேரம் ஊறவிட்டால் உப்பு அதன் நீரை வாங்கிக்கொண்டு இறுக்கிவிடும். மதாரா என்னும் பசிபிக் காட் மீனில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான கொழுப்பே உள்ளது. பெயரில் ஒற்றுமை இருப்பதால் கிண்டாராவுக்குப் பதிலாக அதை வாங்குவோர் உண்டு. இரண்டுக்கும் உறவில்லை. மதாராவை ஒரு நாளுக்குள் எடுத்து, வாணலியில் மூடி போட்டுப் பாதி நேரம் ஆவியிலேயே வேகவிட வேண்டும்.

கவிச்சை போகவில்லை

கடல் மீனின் வாடைக்கு முக்கியக் காரணமான டிரைமெத்தில் அமீன் நீரில் கரையக்கூடியது. உப்பிட்டபோது கசியும் நீரோடு அது வெளியேறும். அந்த நீரைத் துடைக்காமல் மிசோவுக்குள் வைத்தால், வாடையை அடைகாக்கிறோம். கியோட்டோ கடலிலிருந்து தள்ளியிருக்கும் நகரம். வாக்காசா விரிகுடாவின் அயிலையும் குஜி மீனும் உப்பிடப்பட்டு, சபா கைடோ என்னும் மலைப்பாதை வழியே முதுகுச்சுமையாக வந்து சேர்ந்தன. மீன் சமையலறைக்கு வருவதற்குள் உப்பு தன் வேலையை வழியிலேயே முடித்திருக்கும். இன்றைக்குப் புத்தம் புதிதாக வாங்கும் துண்டத்துக்கு அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். முன் உப்பைத் தேவையற்றது என்று தாண்டிவிடுபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுவே.

நடுமுள்ளை ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்பு இரத்தத்தை நுனிவிரலாலோ பழைய பல்துலக்கியாலோ எடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தபின் வாடை நின்றால், அந்த மீன் வாங்கும்போதே பழையது. மிசோ அதை மறைக்கக் கூடாது, மறைக்கவும் முடியாது. அயிலை, சவாரா, புரி (மஞ்சள்வால் மீன்) போன்றவை வெளிச்சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். அதற்கு வாடையும் இராது, சுட்டாலும் அது அழியாது. நாக்கு நுனியில் சுறுசுறுவென்று குத்தினால் அந்த வாயோடு நிறுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

மது வாடையும் கசப்பும்

உண்மையான மிரினில் மதுச்சாரம் சுமார் 14 விழுக்காடு. சாக்கேயையும் மிரினையும் சிறு பாத்திரத்தில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, முழுதும் ஆறியபின் மிசோவில் கலந்தால் காரமான நெடி நிற்காது. சூடாகவே கலந்தால் நொதிகள் கெடும். மிரின் சுவையூட்டி என்று விற்கப்படுவதில் மதுச்சாரம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு, பெரும்பகுதி சர்க்கரைப் பாகு. நெடி வராது, ஆனால் வாடை நீக்கும் ஆற்றலும் இல்லை, கருகவும் விரையும். யூஆன் யாக்கியில் கசப்பு தட்டினால், யூசுத் தோல் மீனோடு ஒட்டித் தீய்ந்திருக்கும். சுடுவதற்கு முன் வட்டங்களை எடுத்துவிடுங்கள்.

வாணலியில் ஒட்டித் தோல் கிழிகிறது

மீன் புரதம் சூடான உலோகத்தோடு பிணையும். சர்க்கரை அந்தப் பிணைப்பை இன்னும் உறுதியாக்கும். வாணலியில் சூடு தாங்கும் சமையல் தாள் விரித்து, எண்ணெய் விடாமல், தோல்பக்கம் கீழாக வைத்து, சிறு தீயில் மூடி நான்கைந்து நிமிடம், புரட்டி மூன்று நான்கு நிமிடம் சுட்டால் ஒட்டுவதற்கு வழியே இல்லை. தாளின் ஓரம் வாணலிக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுவாலையில் படாதபடி வெட்டிக்கொள்ள வேண்டும். கம்பி வலையில் சுடுபவர்கள் வலையைக் காயவைத்து, வினிகரோ எண்ணெயோ தடவிக்கொள்ள வேண்டும். வெந்த சதை தானே விடுபடும். விடாத மீனைக் கரண்டியால் நெம்பாமல் இன்னும் ஒரு நிமிடம் காத்திருங்கள்.

கலவை நீர்த்துவிட்டது, நுரைக்கிறது

மீன் எடுத்த கலவையை மறுமுறை பயன்படுத்தலாமா என்பது பொதுவான ஐயம். துணியில் சுற்றி ஊறவைத்த கலவையாக இருந்தால், சிறு தீயில் கிளறி நீரை வற்றவைத்து, ஆறவிட்டு, புதிய மிசோவில் இரண்டு கரண்டி சேர்த்து இன்னொரு முறை பயன்படுத்தலாம். அதற்கு மேல் நான் போகமாட்டேன். ஒவ்வொரு மீனும் தன் நீரையும் வாடையையும் அதில் விட்டுச் செல்கிறது. நுரையோ புளிப்பு மணமோ நிற மாற்றமோ தெரிந்தால் வற்றவைக்கும் முயற்சியே வேண்டாம், குப்பையில் போடுங்கள். வேகவைக்காத கலவையைத் தொட்டுக்கொள்ளும் துவையலாகப் பரிமாறவும் கூடாது.

வார இறுதியில் நிறையச் செய்து வைப்பவர்கள், ஒரு நாள் ஊறிய துண்டங்களை மிசோ நீக்கித் துடைத்து, ஒவ்வொன்றையும் காற்றுப்புகாத மெல்லிய உறையில் இறுகச் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரை சுவை குன்றாது. மிசோவோடு உறையவைத்தால், இளகும் நேரம் முழுவதும் ஊறுதல் தொடர்ந்து, உப்பும் குழைவும் ஒருங்கே மிஞ்சும்.